தனித் தொகுதிக்காரன் ஓட்டு

ராஜபாளையம் பழைய பஸ் ஸ்டாண்டில் ஏறினால் ஸ்ரீவில்லிபுத்தூருக்கு அரை மணி நேரம். காலையில் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை அந்த ரோட்டில் போய் வருகிறவன் நான். வீடு வில்லிபுத்தூர்ப் பக்கம், வங்கி உத்தியோகம் ராஜபாளையத்தில். நடுவில் எந்த இடத்தில் ஒரு தொகுதி முடிந்து இன்னொரு தொகுதி தொடங்குகிறது என்று பஸ்ஸில் வருகிற யாருக்கும் தெரியாது. வயலும் மில்லும் தென்னந்தோப்பும் விடாமல் கூடவே வருகின்றன. ஆனால் கோடு இருக்கிறது. 2006 தேர்தல்வரை அந்தக் கோட்டுக்கு ராஜபாளையம் பக்கம் 'தனி', வில்லிபுத்தூர் பக்கம் 'பொது'. 2008இல் தொகுதி மறுசீரமைப்பு வந்து அப்படியே புரட்டிப் போட்டது. 2011 தேர்தலிலிருந்து ராஜபாளையம் பொது, வில்லிபுத்தூர் தனி.

அந்தச் செய்தி வந்த சமயம் நான் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தேன். ராஜபாளையத்தில் ஒரு டீக்கடை. பேப்பரை மடித்து வைத்துவிட்டு ஒரு பெரியவர் எழுந்து, "ஒருவழியா நம்ம ஊருக்கு விடிஞ்சிருச்சுப்பா" என்று சொல்லி, கடையில் இருந்த எல்லாருக்கும் தன் கணக்கில் டீ சொன்னார். எனக்கும் ஒரு கிளாஸ் வந்தது. என்ன சந்தோசத்துக்கு வாங்கித் தருகிறார் என்று எனக்குப் புரிந்தபோது பாதி கிளாஸ் காலி. மீதியையும் குடித்தேன். கீழே வைத்துவிட்டு வந்திருக்கலாமே என்று இன்றைக்கும் தோன்றும்.

அதே வாரம் வில்லிபுத்தூரில் கேட்ட பேச்சு வேறு. "போச்சு, நம்ம ஊரு போச்சு. இனி யாரைப் போயிக் கும்பிடுறது?" ஊர் எங்கேயும் போகவில்லை. ஆண்டாள் கோயில் கோபுரம் அங்கேயேதான் நிற்கிறது, பால்கோவாக் கடையில் கூட்டம் குறையவில்லை. போனது ஒன்றே ஒன்று: சட்டசபைக்கு நிற்கும் உரிமை இனி அவர்களுக்கு அந்த ஊரில் இல்லை. நமக்குத் தலைமுறை தலைமுறையாக இல்லாத ஒன்று, அவர்களுக்கு ஒரே ஒரு தொகுதியில் இல்லாமல் போனவுடன் ஊரே போய்விட்டதாகத் தெரிகிறது. தனி டம்ளர், தனிக் கிணறு, தனிச் சுடுகாடு என்று 'தனி' என்ற சொல்லை நமக்கென்றே வைத்திருந்தவர்கள், அந்தச் சொல் தங்கள் ஊர்ப் பெயரோடு ஒட்டிக்கொண்டதும் பதறிப்போனார்கள்.

தோழர்களே, இப்போது ஏன் இதைக் கிளறுகிறேன் என்றால், கோடு மறுபடி மாறப்போகிறது. 84ஆவது திருத்தம் 2026க்குப் பிறகு எடுக்கும் முதல் மக்கள்தொகைக் கணக்கெடுப்புவரை தொகுதிகளின் எண்ணிக்கையை நிறுத்தி வைத்தது. அந்தக் கணக்கெடுப்புக்கு 2025 ஜூனில் அறிவிக்கை வந்தது. 2027 மார்ச் 1ஆம் தேதி கணக்கு. வடக்கே எத்தனை எம்.பி., தெற்கே எத்தனை எம்.பி. என்று எல்லாக் கட்சிகளும் பேசியிருக்கின்றன. பேசட்டும். தமிழ்நாட்டுக்கு ஒரு இடமும் குறையக் கூடாது என்பதில் நமக்கும் மாற்றுக் கருத்து கிடையாது. ஆனால் தமிழ்நாட்டுக்குள் கோடு எப்படி விழும், தனித் தொகுதி எங்கே விழும், அதில் யார் ஓட்டு யாரைத் தேர்ந்தெடுக்கும் என்று ஒரு கட்சியாவது வாயைத் திறந்ததா? அது நம் வீட்டுக் கவலை. நாம்தான் பேச வேண்டும்.

என் கணக்கை முதலில் சொல்லிவிடுகிறேன். முதல் ஓட்டு 2009, தென்காசி நாடாளுமன்றத் தொகுதி. தென்காசி தனித் தொகுதி. ராஜபாளையமும் வில்லிபுத்தூரும் இரண்டுமே அதற்குள்தான் வருகின்றன. கூடவே சங்கரன்கோவில், வாசுதேவநல்லூர், கடையநல்லூர், தென்காசி. பிறகு 2011, 2016, 2021 சட்டமன்றம், வில்லிபுத்தூர் தனி. நடுவில் 2014, 2019, 2024 நாடாளுமன்றம், மறுபடியும் தென்காசி தனி. ஏழு தேர்தல், ஏழு தனித் தொகுதி ஓட்டு. இந்த ஏழிலும் வாக்குச் சீட்டில் இருந்த பெயர்கள் எல்லாம் நம்மவர் பெயர்தான். அப்படியானால் நான் கொடுத்து வைத்தவன் என்றுதானே நினைக்க வேண்டும்? இந்த ஏழு பேரில் ஒருவரையாவது நாங்கள் தேர்ந்தெடுத்தோம் என்று நெஞ்சில் கை வைத்து என்னால் சொல்ல முடியவில்லை. நாங்கள் ஓட்டுப் போட்டோம். தேர்ந்தெடுத்தது வேறு ஆட்கள்.

இது வயிற்றெரிச்சல் பேச்சு இல்லை, கூட்டல் கழித்தல். 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் நாம் 20 சதவீதம். சட்டமன்றத்தின் 234 இடத்தில் நமக்கு 44. நாடாளுமன்றத்தின் 39இல் 7. எண்ணிக்கையில் பெரிய குறை சொல்ல முடியாது. குறை இடத்தில் இருக்கிறது. 2002ஆம் வருசத்துத் தொகுதி மறுசீரமைப்புச் சட்டம் இரண்டு விதமாகப் பேசுகிறது. பழங்குடிகளுக்கு, அவர்கள் விகிதம் எங்கே அதிகமோ அங்கே ஒதுக்கு என்கிறது. நமக்கு வரும்போது, மாநிலத்தின் பல பகுதிகளிலும் பரப்பி ஒதுக்கு, முடிந்தவரை விகிதம் கூடுதலாக இருக்கிற இடமாகப் பார் என்கிறது. அந்தப் 'பரப்பி' என்ற ஒரு சொல்லில் எல்லாம் அடங்கிவிட்டது. பெரும்பாலான தனித் தொகுதிகளில் நாம் சிறுபான்மை. நிற்கிறவர் நம்மவர், ஜெயிக்க வைக்கிறவர் நம்மவர் இல்லை. இரண்டு பெரிய கட்சியும் ஆளுக்கொரு தலித்தை நிறுத்தினால், இவர்களில் யார் தேவலை என்று முடிவு செய்வது ஊர்த்தெரு. "நம்ம சொன்னாக் கேக்குற பய" என்று யாரைப் பற்றி ஊர்த்தெருவில் பேச்சு வருகிறதோ அவர் கோட்டைக்குப் போகிறார். தப்பித் தவறி முதுகெலும்போடு ஒருவர் வந்துவிட்டால் அடுத்த தடவை டிக்கெட்டே கிடைக்காது.

ஒரு தேர்தலில் ஒரு கிராமத்தில் பார்த்தேன். கட்சி வேண்டாம், ஊர் வேண்டாம், பேரும் வேண்டாம். வேட்பாளர் நம்மவர், சட்டம் படித்தவர். ஊர்ச் சாவடியில் இளவட்டங்கள் சேரில் உட்கார்ந்திருக்க இவர் நின்றுகொண்டே கும்பிடுகிறார். இருபது வயசுப் பையன் ஒருத்தன், "நீ ஜெயிச்சா எங்க கண்மாய்க் கரை ரோட்டைப் போட்டுத் தந்துருவேல்ல?" என்கிறான். ஐம்பது வயசு மனுசர், "போட்டுத் தர்றேன் சாமி" என்கிறார். பிறகு ஜீப் நம்ம தெருவுக்கு வந்தது. இறங்கவில்லை. ஜீப்பில் இருந்தபடியே கையை மட்டும் ஆட்டினார். எங்க அய்யா பக்கத்தில் நின்றார். "அவரு ஏம்ப்பா எறங்கல?" என்று கேட்டேன். "எறங்குனா அங்க விழுகுறது கொறஞ்சிரும்ல, நமக்கும் தெரியும் அவருக்கும் தெரியும்" என்றார். முப்பது வருசம் மில்லில் நூல் ஓட்டிய மனுசன் சொன்னதை இதுவரை எந்த அரசியல் விஞ்ஞானப் புத்தகமும் எனக்கு இவ்வளவு சுருக்கமாகச் சொல்லவில்லை.

இது எங்கிருந்து வந்தது என்று இளைய தோழர்களுக்காக ஒருமுறை சொல்ல வேண்டியிருக்கிறது. 1932 ஆகஸ்டில் ராம்சே மெக்டொனால்டு அறிவித்த வகுப்புவாரித் தீர்ப்பில் நமக்கு இரட்டை வாக்கு இருந்தது. நம் பிரதிநிதியை நாம் மட்டும் தேர்ந்தெடுக்க ஒரு ஓட்டு, பொதுவில் மற்றவரோடு சேர்ந்து போட இன்னொரு ஓட்டு. அந்த இரண்டாவது ஓட்டு சாமானியமானது இல்லை. பொதுத் தொகுதியில் நிற்கிற சாதி இந்துவும் சேரிக்கு வந்து இறங்கியே ஆக வேண்டும். காந்தியார் எரவாடா சிறையில் செப்டம்பர் 20இல் உண்ணாவிரதம் தொடங்கினார். 24ஆம் தேதி அம்பேத்கர் கையெழுத்துப் போட்டார். நம் தமிழகத்திலிருந்து இரட்டைமலை சீனிவாசனும் எம்.சி. ராஜாவும் போட்டார்கள். மாகாண சபைகளில் இடம் 148 ஆனது, சென்னை மாகாணத்துக்கு மட்டும் 30. இடம் கூடியது, ஓட்டுப் போனது. அதற்குப் பதிலாக ஒரு முதல்கட்டத் தேர்தல் வைத்தார்கள்: நம் வாக்காளர் மட்டும் நான்கு பேரைத் தேர்ந்தெடுப்பது, அந்த நால்வரில் ஒருவரை எல்லாரும் சேர்ந்து தேர்ந்தெடுப்பது. குடியரசு வந்த பிறகு அந்த நால்வர் பட்டியலும் இல்லை. நாம் முதலில் சலித்து எடுக்கிற சல்லடை அது. இன்று சலிப்பவர்கள் கட்சித் தலைமை.

அம்பேத்கருக்கே நடந்ததைப் பாருங்கள். 1952இல் பம்பாய் வடக்கில் நின்றார். காங்கிரஸ் நிறுத்திய நாராயண் கஜ்ரோல்கரிடம் தோற்றார். 1954இல் பண்டாரா இடைத்தேர்தலிலும் தோற்றார். அரசியல் சட்டத்தை வரைந்த குழுவின் தலைவரை ஒதுக்கீட்டு இடத்தில் மற்றொரு தலித்தை வைத்தே தோற்கடிக்க முடியும் என்று அன்றே காட்டிவிட்டார்கள். 1955இல் அவருடைய ஷெட்யூல்டு காஸ்ட்ஸ் ஃபெடரேஷன் தனித் தொகுதிகளே வேண்டாம் என்று தீர்மானம் போடும் அளவுக்குப் போனதற்கு இந்த அனுபவம்தான் காரணம் என்று நினைக்கிறேன். 1982இல், பூனா ஒப்பந்தத்தின் ஐம்பதாம் வருசத்தில், கன்ஷிராம் ஒரு புத்தகம் எழுதி இந்தக் காலத்துக்கே 'சம்சா யுகம்' என்று பெயர் வைத்தார். பெயர் கொஞ்சம் முரடு. பொய் இல்லை.

1952, 1957 தேர்தல்களில் இரட்டை உறுப்பினர் தொகுதிகள் இருந்தன. ஒரு தொகுதியில் இரண்டு இடம், ஒன்று ஒதுக்கீடு, ஒன்று பொது, வாக்காளருக்கு இரண்டு ஓட்டு. முதலில் ஒதுக்கீட்டு இடத்தை நிரப்புவார்கள். மிச்சமிருக்கிற எல்லா வேட்பாளரிலும் அதிக ஓட்டு வாங்கியவருக்கு இரண்டாவது இடம். 1957இல் ஆந்திராவின் பார்வதிபுரத்தில் என்ன ஆயிற்று? இரண்டு இடத்திலும் பழங்குடி வேட்பாளர்களே வந்துவிட்டார்கள். தோற்றவர் வி.வி. கிரி, பின்னாளில் குடியரசுத் தலைவரானவர். வழக்குப் போட்டார். பழங்குடி வேட்பாளர் பொது இடத்திலும் வெல்லலாம், சட்டப்படி சரி என்று 1959இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. 1961இல் இரட்டை உறுப்பினர் தொகுதிகளை ஒழித்துச் சட்டம் வந்தது. தொகுதி பெரிதாக இருக்கிறது, செலவு அதிகம் என்றெல்லாம் காரணம் சொன்னார்கள். இரண்டு வருச இடைவெளியை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

அதே 1957இல் நம் வில்லிபுத்தூருக்கும் ஒரு கதை உண்டு, பாடப் புத்தகத்தில் வராத கதை. முத்துராமலிங்கத் தேவர் முதுகுளத்தூர் சட்டமன்றம், ஸ்ரீவில்லிபுத்தூர் நாடாளுமன்றம் இரண்டிலும் வென்றார். வில்லிபுத்தூரை வைத்துக்கொண்டு முதுகுளத்தூரை விட்டார். அங்கே ஜூலையில் இடைத்தேர்தல். யார் எவனுக்கு ஓட்டுப் போட்டான் என்கிற பேச்சு ஊர் ஊராகப் பகையாக வளர்ந்தது. செப்டம்பர் 10இல் கலெக்டர் கூட்டிய சமாதானக் கூட்டத்தில் நம் தரப்பில் உட்கார்ந்து சமமாகப் பேசிய இம்மானுவேல் சேகரன், மறுநாள் இரவு பரமக்குடியில் வெட்டிக் கொல்லப்பட்டார். வழக்கில் குற்றம் சாட்டப்பட்ட தேவர் 1959இல் விடுதலை ஆனார். அதற்குப் பிறகு நடந்த கலவரங்களில் இரண்டு பக்கத்திலும் செத்தவர்கள் ஏழைகள். வில்லிபுத்தூரில் விழுந்த ஓட்டுக்கும் பரமக்குடியில் விழுந்த வெட்டுக்கும் நடுவில் ஒரு ராஜினாமாக் கடிதம் இருக்கிறது என்பதை மட்டும் சொல்லி நிறுத்திக்கொள்கிறேன். ஓட்டு நமக்கு எப்போதுமே வெறும் ஓட்டாக இருந்ததில்லை.

1996இல் ஊராட்சித் தேர்தலுக்கு ஒதுக்கீடு வந்தபோதும் இதே கதைதான். மேலவளவில் தலைவராக வென்ற முருகேசனை 1997 ஜூன் 30இல் ஓடும் பஸ்ஸை நிறுத்திக் கொன்றார்கள். பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், நம் விருதுநகர் மாவட்டத்துக் கொட்டகச்சியேந்தல் நாலு ஊரிலும் 2006வரை பத்து வருசம் ஒரு தலைவரை உட்கார விடவில்லை. அதே 1997இல் விருதுநகர் போக்குவரத்துக் கழகத்துக்கு வீரன் சுந்தரலிங்கம் பெயர் வைத்ததற்கு என்ன பாடு பட்டது இந்த மண்! ஒரு பஸ்ஸில் நம்மவர் பெயர் ஓடக் கூடாது என்பதற்காகக் கடைசியில் எல்லாத் தலைவர் பெயரையும் எல்லா பஸ்ஸிலிருந்தும் அழிக்க வேண்டியதாயிற்று. நான் தினமும் ஏறுகிற பஸ் அதன் பிறகு பெயரில்லாத பஸ்.

இனி நான் என் கண்ணால் பார்த்த இன்னொன்றைச் சொல்ல வேண்டும். வங்கி ஊழியர்களைத் தேர்தல் வேலைக்கு எடுப்பார்கள். நானும் ஒரு தேர்தலில் ஒரு கிராமத்துப் பூத்தில் விரலுக்கு மை வைக்கிற வேலை பார்த்தேன். பள்ளிக்கூடத்தில் இரண்டு அறை, இரண்டு பூத். ஒன்று ஊர்த்தெரு, இன்னொன்று நம்ம தெரு. யாரும் எழுதி வைக்கவில்லை, வாக்காளர் பட்டியல் அப்படிப் பிரிந்திருக்கிறது. சாயங்காலம் மெஷினுக்கு சீல் வைத்து 17சி படிவம் எழுதிக்கொண்டிருக்கும்போது ஒருவர் வந்து ஜன்னல் பக்கம் நின்றார். "சார், காலனிப் பூத்துல எவ்வளவு சார் விழுந்திருக்கு?" மொத்த எண்ணிக்கை ரகசியம் இல்லை, ஏஜெண்டுகளுக்கே நகல் கொடுத்தாயிற்று. சொன்னார்கள். அவர் சிரித்துக்கொண்டே, "எண்ணுறன்னைக்குத் தெரிஞ்சிரும் சார், யாரு எங்களுக்குக் குத்தலைன்னு" என்றார். மிரட்டல் மாதிரி சொல்லவில்லை. நாளைக்கு மழை வரும் என்று சொல்வதுபோலச் சொன்னார்.

அவர் சொன்னது சரி. சீட்டுக் காலத்தில் பல பூத்துச் சீட்டுகளை ஒன்றாகக் கொட்டிக் கலந்து எண்ணுகிற ஏற்பாடு இருந்தது. 2004 நாடாளுமன்றத் தேர்தலிலிருந்து நாடு முழுக்க மெஷின். மெஷினைத் தனித்தனியாகத்தான் எண்ணுகிறார்கள், பூத்வாரியாக முடிவை வெளியிடுகிறார்கள். என் ஒருத்தன் ஓட்டு ரகசியம், என் தெருவின் ஓட்டு ஊரறிந்தது. சாதிவாரியாகத் தெரு பிரிந்திருக்கிற நாட்டில் இதற்கு ரகசிய வாக்கெடுப்பு என்று பெயர்! இதற்கு மருந்து இல்லாமல் இல்லை. பதினான்கு பூத்து மெஷின்களைச் சேர்த்து மொத்தமாக மட்டும் கூட்டிக் காட்டுகிற 'டோட்டலைசர்' கருவி இருக்கிறது. தேர்தல் ஆணையம் 2008இலேயே கேட்டது. சட்ட ஆணையம் 2015இல் தன் 255ஆவது அறிக்கையில் பரிந்துரைத்தது. மைய அரசு உச்ச நீதிமன்றத்தில் வேண்டாம் என்று சொல்லிவிட்டது. பூத்வாரிக் கணக்கு கட்சிகளுக்கு வேண்டும். எங்கே விழுந்தது, எங்கே விழவில்லை, எந்தத் தெருவுக்குக் குழாய் போட வேண்டும், எந்தத் தெருவைக் காயப்போட வேண்டும் என்று தெரிய வேண்டும்.

1999இல் தொல். திருமாவளவன் சிதம்பரத்தில் முதன்முறை நின்றபோது நம் மக்கள் வீடுகள் எரிந்தன. இருபது வருசம் கழித்து 2019 ஏப்ரல் 18, அதே தொகுதிப் பொன்பரப்பியில் வாக்குப்பதிவு நாளிலேயே வீடுகளை அடித்து நொறுக்கினார்கள். இரண்டுமே தனித் தொகுதித் தேர்தல்கள் என்பதை மறந்துவிட வேண்டாம். தலித் நிற்கலாம், ஆனால் எந்த தலித் என்பதைச் சேரி முடிவு செய்யக் கூடாது என்பதற்குத்தான் இந்த அடி.

அமெரிக்கக் கறுப்பின மக்கள் இந்தக் கோட்டை வேறு பக்கத்திலிருந்து இழுத்தார்கள். வடக்குக் கரோலினா மாநிலத்தில் கறுப்பர்கள் ஏறக்குறைய நம்மைப் போலத்தான், ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்று மேல். ஜார்ஜ் ஒயிட் என்பவர் 1901இல் காங்கிரஸை விட்டு வெளியேறிய பிறகு அங்கிருந்து ஒரு கறுப்பர்கூட நாடாளுமன்றம் போகவில்லை. தொண்ணூறு வருசம்! 1965இன் வாக்குரிமைச் சட்டமும் 1982இல் அதற்கு வந்த திருத்தமும் பலம் கொடுக்க, கறுப்பர்கள் பெரும்பான்மையாக இருக்கும்படி இரண்டு தொகுதிகளை வரைந்தார்கள். 1992 தேர்தலில் ஈவா கிளேட்டன், மெல் வாட் இருவரும் வென்றார்கள். அதில் 12ஆவது தொகுதி ஒரு நெடுஞ்சாலையை ஒட்டிப் பாம்பு மாதிரி நீண்டு கிடந்தது. வெள்ளையர்கள் வழக்குப் போட, 1993இல் அங்கத்திய உச்ச நீதிமன்றம் இப்படி நிறத்தை மட்டும் பார்த்து வரைந்தால் கேள்வி கேட்போம் என்றது. அந்த இழுபறி அதோடு முடியவில்லை. 2023இல் அலபாமாவில் இன்னொரு தொகுதி வரையச் சொல்லி அதே நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

வித்தியாசத்தைக் கவனியுங்கள். அங்கே யார் வேண்டுமானாலும் நிற்கலாம், ஆனால் ஓட்டுப் போடுகிறவர்களில் கறுப்பர் அதிகம். இங்கே நாம் மட்டும்தான் நிற்கலாம், ஓட்டுப் போடுகிறவர்களில் மற்றவர் அதிகம். அவர்கள் வாக்காளரை ஒதுக்கினார்கள், நாம் வேட்பாளரை ஒதுக்கினோம். அந்த வழியிலும் ஓட்டை உண்டு. எல்லாக் கறுப்பரையும் ஒரே பெட்டியில் அடைத்தால் பக்கத்துத் தொகுதிக்காரன் அவர்களைத் திரும்பிப் பார்க்க மாட்டான். ராஜபாளையத்துக்கும் அந்தப் பயம் பொருந்தும். ஆனாலும் ஈவா கிளேட்டன் தன் மக்கள் தெருவில் ஜீப்பை விட்டு இறங்கியிருப்பார் என்றே நம்புகிறேன்.

கோட்டைக்குப் போன பிறகாவது? 44 பேர் ஒன்றாக எழுந்து நின்றால் எந்த ஆட்சியும் ஆடிப்போகும். வேங்கைவயலில் 2022 டிசம்பரில் குடிதண்ணீர்த் தொட்டியில் மலத்தைக் கலந்தார்கள். அதற்காக 44 பேரும் கட்சி பார்க்காமல் சேர்ந்து அவையை நிறுத்தினார்கள் என்று யாராவது சொன்னால் இந்த இதழின் அட்டையில் போடுகிறேன். நிறுத்தவும் முடியாது என்பது வேறு விசயம். 1985இல் வந்த கட்சித் தாவல் தடைச் சட்டப்படி கொறடா சொன்னதற்கு மாறாக ஓட்டுப் போட்டால் பதவி காலி. நம் ஆள் சின்னத்துக்குக் கட்டுப்பட்டவர். சின்னமும் அவருடையது இல்லை. திருமாவளவன் 2001இல் மங்களூரில் உதயசூரியனில் வென்று, 2004இல் அந்த இடத்தை ராஜினாமா செய்துவிட்டு வெளியே வந்தார். பானைச் சின்னத்துக்குப் போராடி, 2024இல் இரண்டு எம்.பி.க்களோடு மாநிலக் கட்சி என்ற தகுதிக்கு வர இத்தனை காலம் பிடித்தது. நம் பக்கத்தில் டாக்டர் கிருஷ்ணசாமியோடு நமக்கு ஆயிரம் சண்டை உண்டு. பட்டியலை விட்டே வெளியேற வேண்டும் என்கிற பேச்சை நாம் ஏற்கவில்லை. ஆனால் கொடியன்குளத்துக்குப் பிறகு 1996இல் ஓட்டப்பிடாரத்தில் வென்றவர், தென்காசித் தனித் தொகுதியில் 2024வரை எத்தனையோ தடவை நின்று ஒரு தடவையும் வெல்லவில்லை என்பதில் இந்த ஏற்பாட்டின் சூட்சுமம் இருக்கிறது.

நம் அழுக்கையும் நாமே சொல்லிவிடுவோம். இந்தத் தனித் தொகுதிகளில் அருந்ததியத் தோழர்களுக்கு எத்தனை இடம் கொடுக்கிறார்கள்? 2009இல் வேலைக்கும் படிப்புக்கும் உள்ஒதுக்கீடு வந்தபோது நம் ஆட்கள் சிலர் முகம் கோணியதை நான் மறக்கவில்லை. ராஜபாளையத்தைச் சுத்தம் செய்கிறவர் யார், அவர் வீட்டுப் பிள்ளை வேட்பாளராக நின்றால் நம் தெரு ஒரே மனசாக ஓட்டுப் போடுமா? ஊர்த்தெருவைப் பார்த்து நாம் கேட்கிற கேள்வி இது. அதை நம் தெருவுக்குள்ளும் கேட்டுப் பார்க்க வேண்டும். பெண்கள் கதை இன்னும் மோசம். 2023இல் வந்த 106ஆவது திருத்தம் தனித் தொகுதிகளிலும் மூன்றில் ஒன்று நம் பெண்களுக்கு என்கிறது. அந்த நாளுக்கு நாம் யாரைத் தயார் செய்து வைத்திருக்கிறோம்?

அப்படியென்றால் தனித் தொகுதியே வேண்டாமா என்று ஒரு நண்பர் கேட்டார். வங்கிக்காரன் அரசியல் எழுதலாமா என்று கேட்பவரும் அவரே. வேண்டும். 104ஆவது திருத்தம் 2030வரை நீட்டி வைத்திருக்கிறது. அதற்குப் பிறகும் வேண்டும். தனித் தொகுதியும் இல்லாவிட்டால் இந்தக் கும்பிடு போடும் ஆளும்கூட உள்ளே போக மாட்டார், பிறகு அவை முழுக்க டீ வாங்கித் தந்த பெரியவர்தான் இருப்பார். நாம் கேட்பது அதை ஒழிக்க இல்லை. நம் ஓட்டை அதற்குள் திருப்பிக் கொண்டுவர. 1932இன் நால்வர் பட்டியலை மறுபடி கொண்டு வா: தனித் தொகுதியில் யார் நிற்பது என்று முதலில் நாங்கள் சலித்துத் தருகிறோம். அல்லது பதிவான நம் ஓட்டில் ஒரு குறைந்தபட்சப் பங்கு வாங்காதவர் தனித் தொகுதியில் வென்றதாக அறிவிக்காதே. நம் ஓட்டை மட்டும் பிரித்துப் பார்க்காமல் இது எப்படி என்று கேட்பார்கள். இப்போதே பூத்வாரியாகப் பிரித்துத்தானே பார்க்கிறீர்கள் என்று கேட்கத் தோன்றுகிறது. ஆனாலும் என் சொந்தச் சாய்வு நால்வர் பட்டியலுக்கு. எண்ணும்போது டோட்டலைசர் வை. கோடு போட வரும் ஆணையத்தின் பொது விசாரணைக்கு நம் மனு போக வேண்டும். 2008க்கு முன் அந்த விசாரணைகள் நடந்தபோது நாம் எங்கே இருந்தோம்? நான் கிரிக்கெட் விளையாடிக்கொண்டிருந்தேன்.

பொதுத் தொகுதியையும் நாம் விட்டுவிட முடியாது. பொது என்றால் நமக்கு இல்லை என்று எந்தச் சட்டத்திலும் இல்லை. 2001இல் திருச்சி நாடாளுமன்ற இடைத்தேர்தலில் தலித் எழில்மலை வென்றது பொதுத் தொகுதியில்தான். 2024இல் அயோத்தி இருக்கிற பைசாபாத் பொதுத் தொகுதியில் பாசி சமூகத்து அவதேஷ் பிரசாத் வென்றதைப் பார்த்தோம். ராமர் கோயில் கட்டிய ஊரில் முடிந்தால் பஞ்சும் பேண்டேஜ் துணியும் செய்கிற ஊரில் ஏன் முடியாது? ராஜபாளையத்தில் 2021இல் ஒரு மந்திரியே சொற்ப வாக்கில் தோற்றார். அந்தச் சொற்பத்தைப் போல எத்தனை மடங்கு நம் ஓட்டு அங்கே இருக்கிறது!

ஒரு வேலை இருக்கிறது. நீங்கள் ராஜபாளையம், வில்லிபுத்தூர், வத்திராயிருப்பு, சங்கரன்கோவில் எந்தப் பக்கம் இருந்தாலும் சரி, உங்கள் பூத்து எண்ணை எழுதி, 2011, 2016, 2021 மூன்று சட்டமன்றத் தேர்தலில் அந்தப் பூத்தில் யாருக்கு எவ்வளவு விழுந்தது, ஜெயித்தவர் அதன் பிறகு உங்கள் தெருவுக்கு எத்தனை தடவை வந்தார், வந்தபோது ஜீப்பை விட்டு இறங்கினாரா என்று எழுதி அனுப்புங்கள். பூத்வாரிக் கணக்கு தேர்தல் அதிகாரியின் வெளியீட்டிலேயே கிடைக்கும். கட்சிக்காரன் பார்க்கிற காகிதத்தை நாமும் பார்ப்போம். சேர்த்து மனுவோடு இணைக்கலாம். உங்கள் பெயர் வேண்டாம், தெருப் பெயரும் வேண்டாம். போஸ்ட் கார்டு போதும். வாட்ஸப்பில் அனுப்புகிறவர்கள் சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் அனுப்பவும். கவுண்டரில் இருக்கும்போது பார்க்க முடியாது.